உருளைக்கிழங்கில் இரவுச் சாப்பாடு: வேக வைப்பதிலிருந்து தட்டுக்கு வரும்வரை

பூரிக்குச் செய்த மசாலா பசைபோல ஒட்டுகிறது. ரசம் சாதத்துக்கு வறுத்த கிழங்கு வெளியே கருகி, உள்ளே நறுக்கென்று நிற்கிறது. பொடிமாஸ் உதிராமல் உருண்டை கட்டுகிறது. இந்த மூன்றுக்கும் தாளிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கிழங்கைத் தேர்ந்தெடுத்ததிலும் வேக வைத்ததிலும்தான் கோளாறு தொடங்குகிறது. அந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால், மீதி வேலைக்கு அரைமணி நேரம் போதும். அதனால் முதலில் கிழங்கு, பிறகு வேக்காடு, அதன் பின் சமையல் என்ற வரிசையில் பார்க்கலாம். அளவுகள் எல்லாம் நான்கு பேருக்கு.

எந்தக் கிழங்கு எதற்கு

உருளைக்கிழங்கில் மாவுச்சத்து கூடியது ஒரு வகை, ஈரம் கூடியது இன்னொரு வகை. மாவுக் கிழங்கு வெந்ததும் வெடித்துப் பூப்போல உதிரும். மசாலா, பொடிமாஸ், கட்லெட், போண்டா எல்லாம் இதில்தான் நன்றாக வரும். ஈரக் கிழங்கு வெந்தாலும் துண்டு உடையாது. குருமா, பால்கறி, குழம்பு, வறுவல் இவற்றுக்கு அது பொருந்தும்.

கடையில் வகைப் பெயர் எழுதி வைப்பதில்லை. குஃப்ரி ஜோதி, குஃப்ரி சந்திரமுகி, குஃப்ரி புக்ராஜ் என்று சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள்தான் நாடு முழுக்க விளைகின்றன. நம் பையில் வந்து விழுவதும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். புக்ராஜ் மஞ்சள் சதையோடு, ஈரம் மிகுந்து இருக்கும். அதில் பொடிமாஸ் செய்தால் கை ஒட்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கால் கப் உப்பை இரண்டே முக்கால் கப் தண்ணீரில் கரைத்து, கழுவிய கிழங்கு ஒன்றைப் போடுங்கள். மூழ்கினால் மாவு கூடியது, மிதந்தால் ஈரம் கூடியது. மாவுச்சத்து ஏற ஏறக் கிழங்கின் அடர்த்தியும் ஏறும், அவ்வளவுதான் காரணம். ஒரு மூட்டையோ ஐந்து கிலோவோ வாங்கியிருந்தால் இந்தச் சோதனை வீண் போகாது.

ஊட்டிக் கிழங்கு, வடநாட்டுக் கிழங்கு என்று தமிழ்நாட்டுக் கடைகளில் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். நீலகிரியில் இந்தப் பயிர் வேரூன்றியது 1820-களில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில். மலைக்கிழங்கு விலை கூடுதல். மண் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து மலைக்கிழங்கு என்று நம்பிவிட வேண்டாம். எங்கே விளைந்ததாக இருந்தாலும், அழுத்தினால் கல்லுப்போல இருக்க வேண்டும், தோல் சுருங்கியிருக்கக் கூடாது, முளை விட்டிருக்கக் கூடாது.

தோல் பச்சையாக இருந்தால் கவனம். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சையம் உண்டாகும்போதே சோலனின் என்ற நச்சுப்பொருளும் கூடுகிறது. கசப்பாக இருக்கும், வயிற்றைக் கலக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஓரத்தில் கொஞ்சம் பச்சை என்றால் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். பாதிக்கு மேல் பச்சையோ, நீளமான முளையோ இருந்தால் முழுசாகத் தூக்கிப் போடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். அந்தக் கிழங்கை வறுத்தால் வேகுமுன் சிவந்து கருகும். மசாலா செய்தால் இனிக்கும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் கிழங்கிலும் இதே தொல்லை உண்டு. இனிக்கும் கிழங்கு வந்து மாட்டிக்கொண்டால், வெளிச்சம் படாத காற்றோட்டமான கூடையில் பத்து நாள் விட்டுவையுங்கள். சர்க்கரையில் ஒரு பங்கு திரும்ப மாவாகிவிடும். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

வேக வைப்பது

இதற்கு மூன்று வழிகள். எது வேண்டும் என்பதைச் செய்யப்போகும் பதார்த்தம் சொல்லும்.

மசிக்கப் போகும் கிழங்கு என்றால் குக்கரில், முழுசாக, தோலோடு, தண்ணீரில் முங்காமல். குக்கர் அடியில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, உள்பாத்திரத்தில் கிழங்கை மட்டும் வையுங்கள். அந்தப் பாத்திரத்துக்குள் தண்ணீர் வேண்டாம். 100 கிராம் அளவுக் கிழங்குக்கு, மிதமான தீயில் 4 விசில், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை விட வேண்டும். பாதியாக வெட்டித் தண்ணீரில் போட்டு வேக வைத்தால் வெட்டிய பக்கமெல்லாம் தண்ணீர் குடிக்கும். மசாலா சளசளவென்று போவதற்கும், போண்டா எண்ணெயில் பிரிவதற்கும் அந்தத் தண்ணீர்தான் காரணம். ஒரே நேரத்தில் வேக வேண்டுமென்றால் ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்குங்கள். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் அதைப் பாதியாக வெட்டலாம்.

துண்டு நிற்க வேண்டிய வறுவலுக்குத் திறந்த பாத்திரம்தான் சரி. குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும், உள்ளே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு விசில் கூடினால் துண்டின் ஓரங்கள் கரைந்துவிடும். தண்ணீர் லிட்டருக்கு 2 டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். கிழங்கைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் நடுப்பகுதி சூடேறுமுன் மேல்பகுதி குழைந்துவிடும். முக்கால் அங்குலத் துண்டுகள் கொதி வந்து 6 நிமிடத்தில் பதமாகும். கத்தி முனை உள்ளே போக வேண்டும். கடைசியில் லேசாகத் தடுக்க வேண்டும். அதுதான் முக்கால் வேக்காடு.

மூன்றாவது வழி, குழம்பிலோ பாலிலோ நேராக வேக விடுவது. அதைப் பால்கறியில் பார்ப்போம்.

எந்த வழியானாலும் இடையில் அடுப்பை அணைத்து வெந்நீரிலேயே ஊற விடாதீர்கள். கேஸ் தீர்ந்து சிலிண்டர் மாற்றும் நேரத்தில் இப்படி நடக்கும். கொதிநிலைக்கு வெகுவாகக் குறைந்து, 60 டிகிரி பக்கம் கிடக்கும் கிழங்கின் செல் சுவர்கள் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நடுவில் கட்டி நிற்கும். அப்படி ஆகிவிட்டால் அதை மசிக்கப் போராடாமல், மெலிதாகச் சீவி வறுவலாக மாற்றிவிடுவது நல்லது.

வெந்ததும் தண்ணீரிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பி, கைபொறுக்கும் சூட்டில் தோலை உரியுங்கள். முழுக்க ஆறிவிட்டால் தோல் சதையோடு பிய்யும். உரித்த கிழங்கை இன்னும் ஐந்து நிமிடம் ஆவி போக விட வேண்டும். மசிக்க மத்து, கரண்டி, கை இவற்றில் எதுவும் சரி. மிக்ஸி மட்டும் கூடாது. பிளேடு செல்களை உடைத்து உள்ளிருக்கும் மாவை வெளியே விட்டுவிடும், பத்தே நொடியில் கிழங்கு கோந்தாகும். அதைத் திருத்த வழியில்லை.

பூரியும் கிழங்கு மசாலாவும்

தேவையானவை: மாவுக் கிழங்கு 500 கிராம், பெரிய வெங்காயம் 3 (நீளவாக்கில், கொஞ்சம் தடிமனாக நறுக்கியது), பச்சை மிளகாய் 5, இஞ்சி ஒரு அங்குலம், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், கடுகு 1 டீஸ்பூன், உளுத்தம்பருப்பு 1 டீஸ்பூன், கடலைப்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், பெருங்காயம் கால் டீஸ்பூன், கடலைமாவு 1 டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு ஒன்றரை டீஸ்பூன்.

கடலைப்பருப்பைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வைத்து வடித்துக்கொள்ளுங்கள். ஊறாத பருப்பு தாளிப்பில் சிவந்தாலும் மசாலாவில் கல்லாக நின்று பல்லைப் பதம் பார்க்கும். கிழங்கைக் குக்கரில் வேக வைத்து உரித்து, பாதியைக் கையால் நன்றாக மசித்து, மீதியைப் பெரிய துண்டுகளாக உதிர்த்து வையுங்கள். எல்லாவற்றையும் மசித்தால் கூழ். எல்லாவற்றையும் துண்டாக விட்டால் தண்ணீர் தனி, கிழங்கு தனி. பாதிக்குப் பாதி என்பதில்தான் மசாலா சேர்ந்து வரும்.

எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்க விட்டு, பருப்புகள் பொன்னிறமானதும் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெங்காயத்தோடு உப்பில் பாதியைச் சேர்த்து, மூடி போட்டு மிதமான தீயில் 6 நிமிடம் விடுங்கள். வெங்காயம் கண்ணாடிபோல ஆக வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் மசாலாவின் நிறமும் கெடும், ஹோட்டலில் கிடைக்கும் அந்த இளம் இனிப்பும் வராது. வெங்காயம் தாராளமாக இருப்பதுதான் இந்த மசாலாவின் உயிர். விலை ஏறிய நாளில் வெங்காயத்தைக் குறைப்பதைவிட வேறு பதார்த்தம் செய்துவிடலாம்.

இப்போது மஞ்சள்தூள், 2 கப் தண்ணீர், மீதி உப்பு. ஐந்து நிமிடம் கொதித்து வெங்காயம் குழைந்ததும், அரை கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த கடலைமாவை ஊற்றிக் கிளறுங்கள். இதன் பிறகு 4 நிமிடமாவது கொதிக்க வேண்டும். அவசரப்பட்டால் மாவின் பச்சை வாசனை கடைசிவரை போகாது. அடுத்து கிழங்கு, இன்னும் 3 நிமிடம். கரண்டியிலிருந்து வழியும் பதத்திலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆற ஆற இறுகும். தட்டில் போடும் நேரத்தில் கெட்டியாகிவிட்டிருந்தால் கால் கப் வெந்நீர் விட்டு ஒரு கொதி. பச்சைத் தண்ணீர் விட்டால் திட்டுத்திட்டாகப் பிரியும். கொத்தமல்லி கடைசியில்.

இதையே மசால் தோசைக்குச் செய்வதானால் கடலைமாவு வேண்டாம், தண்ணீர் அரை கப் போதும்.

பூரிக்கு 2 கப் கோதுமை மாவு (ஏறக்குறைய 260 கிராம்), ரவை 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், எண்ணெய் 1 டீஸ்பூன். தண்ணீர் 130 மில்லி பக்கம் பிடிக்கும். மாவுக்கு மாவு மாறும் என்பதால் கடைசி 20 மில்லியைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். மூடி 15 நிமிடம் வைத்தால் போதும், ரவை ஊறிவிடும். ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மாவு தளர்ந்து எண்ணெய் குடிக்கும்.

18 உருண்டைகள் பிடித்து, ஈரத்துணியால் மூடி வைத்து, நான்கரை அங்குல வட்டமாகத் தேயுங்கள். தேய்க்க வரமாவு தொடக் கூடாது. அது எண்ணெயில் உதிர்ந்து கருகி அடுத்த பூரிகளில் கரும்புள்ளியாக ஒட்டும். பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளலாம். சிறு துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்பி வருவதுதான் எண்ணெயின் பதம். பூரியைப் போட்டதும் கரண்டியின் பின்பக்கத்தால் மெல்ல அழுத்த, உள்ளே ஆவி கட்டி உப்பும். உப்பாவிட்டால் மூன்றில் ஒன்று: எண்ணெய் காயவில்லை, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது, அல்லது தேய்த்து வைத்த பூரியின் மேல் காய்ந்து ஆடை கட்டிவிட்டது. மூன்றாவதுதான் வீடுகளில் அதிகம். எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கிவிட்டுப் பொரிக்காமல், மூன்று மூன்றாகத் தேய்த்துப் பொரியுங்கள்.

ரசம் சாதமும் உருளை வறுவலும்

மழை நாளிலும் காய்ச்சல் விட்ட மறுநாளிலும் வீடு கேட்கும் சாப்பாடு இது. ஒரே குக்கரில் கால் கப் துவரம்பருப்பும், மேல் தட்டில் சாதமும் வைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் கிழங்கைத் தொடங்கினால் 40 நிமிடத்தில் எல்லாம் முடியும்.

வறுவலுக்கு: கிழங்கு 500 கிராம், கடலை எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு தலா 1 டீஸ்பூன், தோலோடு தட்டிய பூண்டு 6 பல், கறிவேப்பிலை 2 கொத்து. தூவ: மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், பெருங்காயம் ஒரு சிட்டிகை, அரிசிமாவு 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். தூவல் பொருள்களை முன்பே ஒன்றாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் சீவி முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கிய கிழங்கை, மேலே சொன்னபடி உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேக விட்டு வடியுங்கள். வடித்ததும் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் காற்றில் விட வேண்டும். துண்டின் மேல்புறம் வெளுத்து, மாவு பூத்ததுபோல் காய்ந்திருக்கும். மொறுமொறுப்பு வருவது அந்தக் காய்ந்த மேல்புறத்தில்தான். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாகும்வரை எண்ணெயின் சூடு ஏறாது. கிழங்கு வறுபடாமல் புழுங்கும், பிறகு அடியில் ஒட்டும்.

அகலமான இரும்பு வாணலி அல்லது தோசைக்கல் நல்லது. கல் நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய், எண்ணெய் காய்ந்தபின் தாளிப்பு, பூண்டு, அப்புறம் கிழங்கு. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகக் கிடக்க வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு தவணையாகப் போடுங்கள். நாலு நிமிடம் கரண்டியே போடக் கூடாது. சிவக்காத கிழங்குதான் ஒட்டிக்கொள்ளும். அடிப்புறம் சிவந்ததும் தானே கழன்று வரும். தோசைத்திருப்பியால் அடியோடு புரட்டி, மறுபுறமும் அதேபோல. இப்படி மிதமான தீயில் 12 நிமிடம்.

மசாலாத்தூள் சேர்ப்பது கடைசி 5 நிமிடத்தில், தீயை முழுக்கக் குறைத்தபின். தொடக்கத்திலேயே தூளைப் பிசறிப் போடும் பழக்கம்தான் கருகலுக்கும் நெடிக்கும் காரணம்: கிழங்கு சிவக்க 12 நிமிடம் வேண்டும், மிளகாய்த்தூள் கருக ஒரு நிமிடம் போதும். அரிசிமாவு தூளைத் துண்டுகளோடு ஒட்ட வைத்து, மேலே மெல்லிய மொறுமொறுப்பைக் கொடுக்கும். மூடி மட்டும் போடாதீர்கள். ஆவி திரும்ப விழுந்து எல்லாம் தளர்ந்துவிடும்.

சின்ன உருளை கிடைக்கும் காலத்தில் அதையே முழுசாக 12 முதல் 15 நிமிடம் வேக வைத்து, உரித்து, முள்கரண்டியால் மூன்று நான்கு இடத்தில் குத்திவிட்டு இதே முறையில் வறுக்கலாம். குத்தாவிட்டால் உப்பும் காரமும் மேலோடு நின்றுவிடும், உள்ளே சப்பென்று இருக்கும்.

ரசத்துக்கு எலுமிச்சை அளவில் பாதி புளியை ஒன்றரை கப் தண்ணீரில் கரைத்து, நசுக்கிய தக்காளி 2, மஞ்சள், உப்போடு 8 நிமிடம் கொதிக்க விடுங்கள். 1 டீஸ்பூன் மிளகு, 1 டீஸ்பூன் சீரகம், 4 பல் பூண்டு கொரகொரப்பாகத் தட்டிச் சேர்த்து, மசித்த பருப்போடு ஒரு கப் தண்ணீர் கலந்து ஊற்றி, நுரை கட்டி ஏறும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். நெய்யில் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கொத்தமல்லி தூவி மூடுங்கள்.

தயிர் சாதத்துக்குப் பொடிமாஸ்

காரம் அதிகம் வேண்டாத வீட்டுக்கு, குழந்தைகளுக்கு, பெரியவர்களுக்கு. 400 கிராம் மாவுக் கிழங்கை வேக வைத்து உரித்து, முழுக்க ஆறவிட்டுத் துருவுங்கள் அல்லது விரலால் உதிர்த்துவிடுங்கள். சூட்டோடு உதிர்த்தால் பிசுபிசுக்கும். ஆறும்போது மாவு இறுகுவதால்தான் பொலபொலவென்று உதிர்கிறது. முடிந்தால் மாலையிலேயே வேக வைத்து வைத்துவிடுங்கள்.

2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஊறிய கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய் 1, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 3, துருவிய இஞ்சி ஒரு டீஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலை, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். எண்ணெயில் மஞ்சள் கரைந்ததும் கிழங்கும் முக்கால் டீஸ்பூன் உப்பும் போட்டு, மேலும் கீழுமாகப் புரட்டி 3 நிமிடம். தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து அடுப்பை அணையுங்கள். அரை மூடி எலுமிச்சைச்சாறு இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசப்பு ஏறும். வெங்காயம் சேர்ப்பவர்கள் உண்டு. தயிர் சாதத்தோடு தொட்டுக்கொள்ள வெங்காயம் இல்லாததே மேல்.

தயிர் சாதம் இரவில் புளிக்காமல் இருக்க, ஒரு கப் அரிசியை 4 கப் தண்ணீரில் குழைய வேக வைத்து, சூட்டோடு மசித்து ஒரு கப் காய்ச்சிய பால் ஊற்றி, வெதுவெதுப்பானபின் ஒரு கப் புளிக்காத தயிரும் உப்பும் சேருங்கள்.

இடியப்பத்துக்கு யாழ்ப்பாணத்துப் பால்கறி

பால்கறி, வெள்ளைக்கறி என்று ஈழத்து வீடுகளில் அழைக்கும் இது, இடியப்பம், புட்டு இரண்டுக்கும் பொருந்தும். எண்ணெய் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் செம்மண்ணில் கிழங்கு விளைகிறது என்பதால் அங்கே இது அன்றாடக் கறி.

ஒரு முழுத் தேங்காயைத் துருவி, முக்கால் கப் வெந்நீர் விட்டுப் பிழிந்தது முதற்பால். அதே பூவில் 2 கப் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தது இரண்டாம்பால். இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டிய கிழங்கு 400 கிராம், நறுக்கிய சின்ன வெங்காயம் 10, கீறிய பச்சை மிளகாய் 4, வெந்தயம் அரை டீஸ்பூன், கறிவேப்பிலை, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் எல்லாவற்றையும் சட்டியில் போட்டு இரண்டாம்பாலை ஊற்றி மூடி, மிதமான தீயில் 15 நிமிடம். ஈரக் கிழங்காக இருந்தால் துண்டு நிற்கும். மாவுக் கிழங்கு மட்டுமே கையில் இருந்தால் துண்டைப் பெரிதாக வெட்டி, 12 நிமிடத்திலேயே பாருங்கள். வெந்ததும் இரண்டு துண்டை மட்டும் கரண்டியால் நசுக்கிவிட்டால் கறி தானே தடிக்கும். வேறு மாவு எதுவும் தேவையில்லை.

உப்பு 1 டீஸ்பூன் சேர்த்து, தீயைக் குறைத்து முதற்பாலை ஊற்றுங்கள். இனிக் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டி ஒரு கொதி வரும் நேரத்தில் இறக்கிவிடுங்கள். முதற்பால் வேகமாகக் கொதித்தால் அதிலுள்ள புரதம் திரண்டு, எண்ணெய் பிரிந்து, கறி திரிந்துபோகும். தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச்சாறு) 2 டீஸ்பூன், இறக்கி ஐந்து நிமிடம் கழித்து. கொதிக்கும் பாலில் புளி விட்டாலும் திரியும். வெந்தயம் அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் கசக்கும்.

உறைப்பு வேண்டும் என்றால் அதே கிழங்கைப் பிரட்டலாகச் செய்வார்கள்: வேக வைத்த துண்டுகள், வதக்கிய வெங்காயம், வறுத்து இடித்த யாழ்ப்பாண மிளகாய்த்தூள் ஒன்றரை டேபிள்ஸ்பூன், அரை கப் இரண்டாம்பால், வற்றும்வரை பிரட்டி, கடைசியில் இரண்டு கரண்டி முதற்பால். இந்த மிளகாய்த்தூளில் மல்லியும் சோம்பும் சீரகமும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். தனி மிளகாய்த்தூளை அதே அளவு போட்டுவிட்டால் வாயில் வைக்க முடியாது.

புளி சேரும் குழம்பில் ஒரு எச்சரிக்கை

காரக்குழம்பிலோ தக்காளி அதிகம் சேரும் குருமாவிலோ பச்சைக் கிழங்கை நேராகப் போட்டால், அரைமணி கொதித்தும் நடுவில் வேகாமல் நிற்பது உண்டு. கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் கரைய மறுக்கிறது. கிழங்கை முதலில் எண்ணெயில் வதக்கி, வெறும் தண்ணீரில் முக்கால்வாசி வேக விட்டு, அதன் பிறகே புளிக்கரைசல் ஊற்ற வேண்டும். இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். வறுவலுக்கு மாவுக் கிழங்கு மட்டும்தான் இருக்கிறது, உடைந்துவிடும் என்று பயம் இருந்தால், வேக வைக்கும் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் புளிக்கரைசலோ வினிகரோ விடுங்கள். ஓரம் கரையாமல் துண்டு நிற்கும். வேக 3 நிமிடம் கூடுதலாகும்.

குழம்பில் உப்பு கூடிவிட்டால் கிழங்கைப் போடு, இழுத்துவிடும் என்பார்கள். கிழங்கு குடிக்கும் தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் போகும், அவ்வளவுதான். மீதிக் குழம்பின் கரிப்பு குறையாது. அதற்குத் தண்ணீரோ தேங்காய்ப்பாலோ சேர்ப்பதே வழி.

மிஞ்சினால்

தேங்காய் சேர்ந்த பொடிமாஸும் பால்கறியும் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் ஊசிப்போகும். சாப்பிட்டு முடித்ததும் ஆறவைத்து ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். பால்கறியைச் சுடவைக்கும்போதும் கொதி வரக் கூடாது.

பூரி மசாலா மிஞ்சினால் மறுநாள் மாலை போண்டாவாகும், ஆனால் அப்படியே உருட்டினால் எண்ணெயில் வெடிக்கும். வாணலியில் போட்டு மிதமான தீயில் கிளறி, தண்ணீர் சுண்டி, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை வற்ற விட்டு, ஆறியபின் உருட்டுங்கள். மேல் மாவுக்கு ஒரு கப் கடலைமாவு, 2 டேபிள்ஸ்பூன் அரிசிமாவு, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். உருண்டையை முக்கி எடுத்தால் கிழங்கு எங்கும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் மாவு நீர்த்திருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் கடலைமாவு தூவிக் கலந்துவிட்டுப் பொரியுங்கள்.